தேர்தலும் பாட்டும்

தேர்தல் வந்தா, வேட்பாளர் லயத்துக்கு வர்றதுக்கு முன்னாலேயே ஒலிபெருக்கிப் பாட்டு வந்துடும். ஏன்? துண்டுப் பிரசுரம் வாசிக்க எழுத்துத் தெரிய வேண்டும். பாட்டுக்குக் காது போதும். தெரிந்த மெட்டில் புதுச் சொல்லைப் போட்டால், கொழுந்து பறிக்கையிலும் வாய் முணுமுணுக்கும்.

மலையகத்துக்கு இது பழைய வழக்கம். 1936இல் ஹட்டன் தொகுதியில் வென்று அரசாங்க சபைக்குச் சென்றவர் கோ. நடேசய்யர். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் பாரதியார் பாட்டுகளையும் தாம் இயற்றிய பாட்டுகளையும் பாடினார். பாட்டுக் கேட்கக் கூடிய சனம், பேச்சையும் கேட்டது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களைப் பெற்றது. தலவாக்கலையில் வென்ற சி.வி. வேலுப்பிள்ளை, தோட்டத்துப் பாட்டுகளைத் தேடித் தொகுத்த கவிஞர்.

ஆனால் 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே நம்மவரில் பெரும்பாலோர் வாக்கையும் இழந்தனர். எஞ்சியோருக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆனது.

அவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த வாக்கு இது. பாட்டு, சின்னத்தையும் விருப்பு இலக்கத்தையும் மனசில் பதிய வைக்கும். சம்பளம், வீடு, காணி பற்றி நாமதான் கேக்கணும்: எவ்வளவு? எப்போது? எப்படி? பாட்டை ரசியுங்கள், பதிலைக் கேட்டு வாக்களியுங்கள்.