நுண்ணறிபேசித் திரையளவு

நுண்ணறிபேசித் திரையளவு என்பது நுண்ணறிபேசியின் திரையை ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை குறுக்காக அளந்து அங்குலத்தில் கூறப்படும் அளவு ஆகும். 2007ல் வெளிவந்த முதல் ஐபோனின் திரை 3.5 அங்குலமாக இருந்தது. 2011ல் வந்த சாம்சங் கேலக்சி நோட் 5.3 அங்குலத் திரையைக் கொண்டிருந்தது. ஆப்பிள் நிறுவனம் 2020, 2021ஆம் ஆண்டுகளில் 5.4 அங்குல மினி வகைகளை வெளியிட்டு, 2022ல் அவ்வரிசையைக் கைவிட்டது.

அளவு தரும் மயக்கம்

மூலைவிட்ட அளவை மட்டும் கொண்டு பேசியின் பருமனை அறிய இயலாது. 16:9 விகிதத்தில் அமைந்த 5.5 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 68 மி.மீ. 20:9 விகிதத்தில் அமைந்த 6.5 அங்குலத் திரையின் அகலமும் ஏறத்தாழ அதுவே. கூடியது உயரம் மட்டுமே. எனவே பிடிப்பதற்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும், பின்னதன் மேல்விளிம்பைப் பெருவிரல் எட்டாது.

மின்கலம்

பெரிய பேசியில் மின்கலத்துக்கு இடம் அதிகம். பெரிய திரை கூடுதல் மின்சாரத்தை உண்டாலும், மின்கலத்தின் வளர்ச்சி அதை ஈடுகட்டி விடுகிறது. ஐபோன் 13 மினியில் 17 மணி நேரமும், அதே ஆண்டின் புரோ மேக்சில் 28 மணி நேரமும் நிகழ்படம் பார்க்கலாம் என ஆப்பிள் அறிவித்தது. எடை முறையே சுமார் 140, 240 கிராம்.

தமிழும் திரையும்

தமிழ்99 விசைப்பலகையின் மேல்வரிசையில் 12 எழுத்துகள் உள்ளன, ஆங்கிலத்தில் 10. அதை அப்படியே திரையில் அமைத்தால் 68 மி.மீ அகலத்தில் ஒரு விசைக்கு 5.7 மி.மீ கிடைக்கும், முதல் ஐபோனின் அகலத்தில் 4 மி.மீ அளவே கிடைக்கும். எழுத்தைச் சிறிதாக்கினால் மெய்யெழுத்தின் புள்ளி மறைந்து ப, ப் வேறுபாடு தெரியாமல் போகும். தமிழில் படிப்போருக்குப் பெரிய திரையின் பயன் ஆங்கிலத்தில் படிப்போரை விடச் சற்றுக் கூடுதல் எனலாம்.

கடலில் பயன்பாடு

வடசென்னையின் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் மீனவர்களுக்கு இத்தேர்வு வசதியோடு முடிவதில்லை. கரையிலிருந்து சுமார் 10-12 கி.மீ தாண்டினால் பேசிக்கு அலைவரிசை கிடைப்பதில்லை. 2017ன் ஒக்கிப் புயலில் ஆழ்கடலில் இருந்த பலருக்கு எச்சரிக்கை சென்று சேரவில்லை. 2019ல் அறிமுகமான ஜெமினி என்னும் கருவி செயற்கைக்கோள் வழியே புயல், பேரலை எச்சரிக்கைகளையும் மீன்வளப் பகுதி விவரங்களையும் பெற்று, புளூடூத் மூலம் நுண்ணறிபேசிக்கு அனுப்புகிறது. இவ்விவரங்களை ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் வழங்குகிறது.

ஆகவே உயிர் காக்கும் செய்தியும் அந்தத் திரையில்தான் படிக்கப்படுகிறது. வெயிலில், ஆடும் படகில், வரைபடத்தைப் பார்க்கப் பெரிய திரை உதவும். ஆனால் கண்ணாடியிழைப் படகில் ஒரு கை எந்திரத்தின் கைப்பிடியில் இருக்கும். மறுகைக்குள் அடங்குவது சிறிய பேசியே. மேலும் தொடுதிரை விரலின் மின்னேற்பை உணர்ந்து இயங்குவது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால், நீர்த்துளியையும் விரலென்று திரை பிழையாக உணரக்கூடும். இக்குறை எந்த அளவிலும் நீங்குவதில்லை. பல நாள் தங்கும் விசைப்படகில் எந்திரத்திலிருந்து மின்னேற்றம் செய்துகொள்ளலாம். அவ்வசதியில்லாச் சிறு படகுக்குப் பெரிய மின்கலம் தேவை. ஒற்றைக் கைக்குச் சிறிய பேசி ஏற்ற அதே படகில்தான் இத்தேவையும் எழுகிறது.