கொந்தளிக்கும் கடலும் படகின் இயந்திரமும்

பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கு நோக்கி ஓடும் பாரதப்புழை பொன்னானியில் கடலை அடைகிறது. இடுக்கி மலைகளினூடே இறங்கிவரும் பெரியாற்றின் ஒரு கிளை முனம்பத்தருகே கடலோடு கலக்கிறது. இவ்விரண்டு இடங்களிலும் மீன்பிடித் துறைமுகங்கள் உள்ளன. மலைகளில் மழையைப் பொழிந்து ஆறுகளைப் பெருக்கும் தென்மேற்குப் பருவக்காற்றே அத்துறைமுகங்களுக்கு அப்பாலுள்ள கடலையும் கொந்தளிக்கச் செய்கிறது. அக்கொந்தளிப்பில் ஒரு விசைப்படகின் உயிர் இரண்டைச் சார்ந்திருக்கிறது: இயந்திரம் நில்லாமல் ஓடவேண்டும், உட்புகுந்த நீர் உடனுக்குடன் வெளியேற வேண்டும்.

கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் 1953-இல் தொடங்கிய இந்திய-நார்வே திட்டம் இக்கரையில் இயந்திரப் படகுகள் பரவ வழிவகுத்தது. பிற்காலத்தில் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் முதலிய ஊர்களைச் சேர்ந்த மீனவர், கொச்சியிலிருந்து புறப்பட்டுப் பல நாள்கள் ஆழ்கடலில் தங்கி மீன் பிடிக்கலாயினர். 2017 நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரிமுனைக் கடற்பகுதியில் வலுப்பெற்று அரபிக்கடலுக்குள் சென்றபோது, தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கான மீனவர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். தொலைக்கடலில் இருப்போர்க்கு எச்சரிக்கை எட்டிய பின்னர் ஆயத்தம் செய்வதற்கு நேரம் இராது. ஆகவே, அதன் பெரும்பகுதி துறைமுகத்திலேயே முடிந்திருத்தல் அவசியமாகும்.

எரிபொருளும் வண்டலும்

அமைதியான கடலில் குறைவின்றி ஓடிய டீசல் இயந்திரம், புயலில் திடீரென நின்றுவிடுவது ஏன்? எரிபொருள் தொட்டியின் அடியில் நீரும் துருவும் வழவழப்பான கசடும் நாளடைவில் படிகின்றன. கடல் அமைதியாக இருக்கும்வரை அவை அசையாமல் கிடக்கும். படகு உருளத் தொடங்கியதும் அவை கலங்கி, டீசலோடு சேர்ந்து வடிகட்டியை அடைத்துவிடும். தொட்டியில் டீசல் குறைவாக இருப்பின், படகு சாயுந்தோறும் உறிஞ்சுகுழாயின் வாய் வெளிப்பட்டுக் காற்றும் உட்புகும். இவ்விரண்டினாலும் இயந்திரத்துக்கு எரிபொருள் அற்றுப்போகும். இயந்திரம் நின்ற படகு அலைகளுக்குத் தன் பக்கத்தைக் காட்டித் திரும்பும். கவிழ்வதற்கு மிகவும் ஏதுவான நிலை அதுவே.

இதற்குப் பரிகாரம் எளியது. புறப்படுமுன் தொட்டியின் அடித்திருகைத் திறந்து, தெளிந்த டீசல் வரும்வரை கசடை வடித்துவிட வேண்டும். தொட்டியைக் கூடியவரை நிரப்பி வைக்கவேண்டும். இரண்டு வடிகட்டிகளை இணைத்து, ஒன்று அடைபட்டால் மற்றொன்றுக்கு மாற்றத்தக்க வால்வைப் பொருத்துவது நன்று. மாற்று வடிகட்டிகளும் கருவிகளும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும் முறையைப் படகில் குறைந்தது இருவராவது பழகியிருக்க வேண்டும்.

கடல்நீரால் குளிரூட்டப்படும் இயந்திரமாயின், நீரிழுக்கும் பம்பின் ரப்பர்ச் சுழலியையும் பட்டையையும் ஆராய்ந்து, மாற்றுப் பாகங்களை உடன்கொள்ள வேண்டும். மின்கலங்களை உருளாதபடி இறுகக் கட்டவேண்டும். டீசல் இயந்திரம் ஓடுவதற்குக் காற்றும் தேவை. ஆதலின், அலைநீர் புகாதபடி மேற்கதவுகளை அடைக்கும்போது காற்றுவழியை முற்றிலும் மூடிவிடலாகாது.

அடிவயிற்று நீர்

படகின் அடிவயிற்றில் நீர் சேரும் பள்ளத்தைக் கடலோடிகள் பில்ஜ் என்பர். அங்கே நீர் எவ்வளவு விரைவில் சேரும் என்பதைக் கணக்கால் அறியலாம். நீர்மட்டத்துக்கு 60 செண்டிமீட்டர் கீழே, 2.5 செண்டிமீட்டர் விட்டமுள்ள துளையொன்று ஏற்பட்டால், நிமிடத்துக்குச் சுமார் 60 லிட்டர் நீர் உட்புகும். ஒரு மணி நேரத்தில் அது மூன்றரை டன்னை எட்டும். விட்டம் இருமடங்கானால் நீரின் அளவு நான்கு மடங்காகும். இந்நீர் ஓரிடத்தில் நில்லாது, படகு சாயும் பக்கமெல்லாம் ஓடி, அச்சாய்வை மேலும் மிகுவிக்கும். அது மின்கலத்தை எட்டினால் மின்பம்பும் நின்றுவிடும்.

வடிகட்டியை அடைக்கும் கசடுபோலவே, பில்ஜ் பம்பின் சல்லடையை அடைப்பதும் துறைமுகத்தில் அசையாமல் கிடந்த குப்பையே. வலைநூல், மீன்செதில், கந்தல், மரச்சீவல் முதலியவற்றை முற்றிலும் அகற்றிப் பள்ளத்தைக் கழுவவேண்டும். பின்னர் அதில் நீரை ஊற்றிப் பம்பை இயக்கி, நீர் உண்மையில் வெளியேறுகிறதா என்று கண்ணால் காணவேண்டும். பம்பு சுழலும் ஓசை மட்டும் சான்றாகாது. மின்பம்போடு கைப்பம்பு ஒன்றும், வாளிகளும் இருக்கவேண்டும். விசிறித்தண்டு படகைவிட்டு வெளியேறும் இடத்திலுள்ள அடைப்பு, கடல்நீர்க் குழாய்கள், அவற்றின் வால்வுகள் ஆகியவற்றில் கசிவு உண்டா என ஆராயவேண்டும். ஒவ்வொரு வால்வின் அருகிலும் அதற்கேற்ற அளவில் கூம்பிய மரத்தக்கை ஒன்றைக் கட்டி வைத்தால், குழாய் முறிந்த நேரத்தில் அதையே அடித்து இறுக்கலாம்.

கேரளத்தில் ஆண்டுதோறும் சூன் 9 முதல் சூலை 31 வரை விசைப்படகுகளின் இழுவலை மீன்பிடிப்புக்குத் தடை உள்ளது. படகு கரையில் நிற்கும் இந்நாள்களே இப்பணிகளுக்கு உரிய காலம். கொச்சியில் 1963-இல் நிறுவப்பட்ட மத்திய மீன்பிடிப் பயிற்சி நிலையம் இயந்திரப் பணிகளிலும் பயிற்சி அளித்து வருகிறது. காற்றின் வேகத்தைக் குறைப்பது எவர்க்கும் இயலாது. தொட்டியின் கசடையும் பள்ளத்தின் குப்பையையும் அகற்றுவதோ ஒரு நாள் வேலைதான்.