குழல் முனையில் ஒரு தடை

ஆர்.எஸ்.புரத்தில் பிள்ளைக்கு ஏர் ரைஃபிள் வாங்கித்தர நினைக்கும் பெற்றோர் எடை, விலை எல்லாம் விசாரிப்பார்கள். குழல் முனையை யாரும் கவனிப்பதில்லை. சர்வதேசத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிப்படி ரைஃபிளில் மஸில் பிரேக் கூடாது. தோட்டாவின் பின்னால் சீறிவரும் வாயுவைத் துளைகள் வழியாகப் பக்கவாட்டில் திருப்பி, பின்னுதைப்பைக் குறைக்கும் கருவி அது. 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் உதைப்பே பெயருக்குத்தான். அங்கே இந்தத் தடை வெறும் சம்பிரதாயமாகத் தோன்றலாம்.

தடையின் நியாயம் புரிய 1000 கெஜம், அதாவது 914 மீட்டர் வரை சுடும், இதே தடை உள்ள எஃப்-கிளாஸ் போட்டிக்குப் போக வேண்டும். அங்கே ரைஃபிளைத் தாங்கியில் வைத்துப் படுத்துச் சுடுகிறார்கள். ஓப்பன் பிரிவில் எடை வரம்பு 10 கிலோ, டி.ஆர். பிரிவில் 8.25 கிலோ. எடை கூடினால் உதைப்பு குறையும். எடைக்கு வரம்பு வைத்துவிட்டு பிரேக்கை அனுமதித்தால் அந்த வரம்பு பாதி செத்துப்போகும். அதைவிடப் பெரிய காரணம், திருப்பிவிடப்பட்ட வாயுவும் சத்தமும் புழுதியும் பக்கத்தில் படுத்திருப்பவர் மேல்தான் பாயும். தோள்வலிக்காரர் என்ன செய்வார் என்ற கேள்வி நியாயமானதே. உதைப்பு குறைந்த தோட்டாவைத் தேர்ந்தெடுக்க ஓப்பன் பிரிவில் அவருக்கு வழியிருக்கிறது; பக்கத்து வரிசைக்காரருக்கோ, காதடைப்பான் போட்டாலும் அந்த அதிர்விலிருந்து விலகிப் படுக்க இடமில்லை.