'ஹார்ட் ஃபெயிலியர்' என்றால் இதயம் நின்றுவிட்டதா?

பரீட்சையில் 35 மார்க் எடுக்காவிட்டால் 'ஃபெயில்'. கரன்ட் போனால் 'பவர் ஃபெயிலியர்'. நம் வீடுகளில் அன்றாடம் புழங்கும் சொல்தான். ஆனால், அதையே டாக்டர் சொல்லும்போது குடும்பமே கலங்கிப்போகிறது.

இன்ஜினீயர்களிடம் கேட்டால், ஃபெயிலியர் என்பது உடைந்து நொறுங்குவது மட்டுமல்ல. ஒரு பொருள் தன் வேலையைச் சரியாகச் செய்ய முடியாமல் போவதும்தான். குக்கரின் கேஸ்கட் தளர்ந்துவிட்டால் ஆவி கசியும், விசில் வராது. குக்கர் உடையவில்லை. ஆனாலும் அது ஃபெயிலியர்தான்.

'ஹார்ட் ஃபெயிலியர்' என்பதும் அப்படித்தான். இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும். உடலுக்குத் தேவையான அளவு ரத்தத்தை அதனால் சரிவர பம்ப் செய்ய முடியாது. அதனால்தான் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது, படுத்தால் மூச்சுத் திணறுகிறது. மாத்திரைகள், உப்பைக் குறைத்த சாப்பாடு, முறையான பரிசோதனை ஆகியவற்றுடன் பல ஆண்டுகள் வாழ்பவர்கள் உண்டு.

இதயம் திடீரென நின்றுபோவதன் பெயர் 'கார்டியாக் அரெஸ்ட்'. ஆள் சுயநினைவின்றி விழுந்து, மூச்சும் இல்லையென்றால் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. 108-ஐ அழைத்துவிட்டு, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வரை பலமாக அழுத்த வேண்டும்.

'கிட்னி ஃபெயிலியர்' என்றாலும் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருக்கிறது என்றே பொருள். அந்த வேலையைச் செய்ய டயாலிசிஸ் இருக்கிறது.

எனவே, ரிப்போர்ட்டில் இந்தச் சொல்லைப் பார்த்தால் பதறாதீர்கள். 'எந்த வேலை, எவ்வளவு குறைந்திருக்கிறது? இனி என்ன செய்யலாம்?' என்று டாக்டரிடம் கேளுங்கள். உடம்பு தேறிவிட்டதென்று மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்!