மார்பிள் கேன்யனின் இரட்டைப் பாலங்கள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கொலராடோ ஆறு கிராண்ட் கேன்யனை நோக்கி இறங்கும் வழியில், அருகருகே இரண்டு எஃகு வளைவுப் பாலங்கள் நிற்கின்றன. இரண்டுக்கும் பெயர் நவஹோ பாலம். பழையது 1929இல் திறக்கப்பட்டது, புதியது 1995இல். பழைய பாலத்தில் இப்போது வாகனங்கள் ஓடுவதில்லை, நடப்பவர்களுக்கென்றே விட்டிருக்கிறார்கள். அதன் நடுவில் நின்று குனிந்து பார்த்தால் ஆறு 142 மீட்டர் கீழே ஓடுகிறது. நாற்பது மாடிக் கட்டடம் ஒன்றை அந்தப் பள்ளத்துக்குள் நிறுத்தினாலும் அதன் தலை வெளியே தெரியாது.

பள்ளத்தாக்கின் பெயர் மார்பிள் கேன்யன். ஆனால் அங்கே பளிங்கு கிடையாது. 1869இல் படகில் இந்த ஆற்றை ஆராய்ந்த ஜான் வெஸ்லி பவல், வெள்ளம் தேய்த்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பாறையின் பளபளப்பைக் கண்டு இட்ட பெயர் அது. மேல்விளிம்பில் இருப்பது சுமார் 27 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமற்ற கடலில் படிந்த கைபாப் சுண்ணாம்புக்கல். மழை குறைந்த பாலைநிலம் என்பதால் பாறைச் சுவர்கள் எளிதில் சரிந்து அகலாமல் செங்குத்தாகவே நிற்கின்றன.

அந்தச் சுவர்கள்தான் மனிதர்களையும் தடுத்தன. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு, இரு கரையிலிருந்தும் வண்டியோடு ஆற்றுக்கு இறங்க வசதியான இடம் ஒன்றே ஒன்று: பாலத்துக்கு எட்டு கிலோமீட்டர் மேலே உள்ள லீஸ் ஃபெர்ரி. 1870களிலிருந்து அங்கே ஓடம் ஓடியது. பாலம் கட்டத் தொடங்கியபோது தேவையான எஃகு ஃபிளாக்ஸ்டாஃப் நகரிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் பாலை வழியே லாரிகளில் வந்தது. எதிர்க்கரைக்கு வேண்டிய பொருள்களைக் கடத்தியதும் அதே ஓடம்தான். வேலை பாதியில் இருந்தபோது, 1928 ஜூனில், ஓடம் கவிழ்ந்து மூவர் உயிரிழந்தனர். ஓடப் போக்குவரத்து அத்தோடு நின்றது. கண்ணுக்கு எதிரே தெரியும் கரைக்குப் போக ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் சுற்ற வேண்டியதாயிற்று. பாலம் எவ்வளவு பெரிய விடுதலை என்பது இந்தக் கணக்கில்தான் புரிகிறது.

இத்தனை ஆழத்தில் ஆற்றுக்குள் தூண் எழுப்புவது நடைமுறைக்கு ஒவ்வாதது. இங்கே வளைவு கைகொடுக்கிறது. இரு கற்களின் மேல் ஒரு பலகையை வைத்து நடுவில் மிதித்தால் பலகை தொய்யும். அதன் அடிப்பக்கம் இழுபடும். வளைவில் அப்படியில்லை. மேலே ஏறும் பாரம் வில்லின் வழியே அமுக்கமாக இறங்கி, இரு முனைகளையும் கீழ்நோக்கியும் வெளிநோக்கியும் தள்ளுகிறது. சமவெளியில் அந்த முனைகள் விலகிப் போகாமலிருக்கப் பெரும் முட்டுச் சுவர் கட்ட வேண்டும். இங்கே முட்டுக் கொடுப்பது மலைப்பாறையே. வழியை மறித்த அதே சுவர்கள்தான் பாலத்தையும் தாங்குகின்றன.

கீழிருந்து சாரம் கட்ட வழியில்லாததால், இரு கரையிலிருந்தும் வில்லின் பாதிகளை அந்தரத்தில் நீட்டிக்கொண்டே வந்து நடுவில் இணைத்தார்கள். வில்லின் முனைக்கு முனை தூரம் 188 மீட்டர். பாலத்தின் மொத்த நீளம் 254 மீட்டர். பாலை வெயிலையும் இரவுக் குளிரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் எஃகு தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 12 பங்கு நீளும். 30 டிகிரி மாற்றத்தில் இவ்வளவு நீளப் பாலம் ஒன்பது சென்டிமீட்டர் நீண்டு சுருங்கும். அதற்கு இடம் விட்டுத்தான் எந்த எஃகுப் பாலத்தையும் கட்ட முடியும்.

பழைய பாலத்தின் சாலை ஐந்தரை மீட்டர் அகலமே. பெருகிய கனரக வாகனங்களுக்கு அது போதவில்லை. இடிக்காமல், பக்கத்திலேயே அதே சாயலில் 221 மீட்டர் வில்லோடு அகலமான பாலத்தைக் கட்டியது நல்ல முடிவு. ஒன்றில் நடந்துகொண்டே மற்றொன்றின் எலும்புக்கூட்டை முழுதாகப் பார்க்கலாம். கிழக்கு முனை நவஹோ பழங்குடியினரின் நிலம். அவர்கள் அங்கே கைவினை நகைகளை விற்கிறார்கள்.

கொலராடோ என்ற ஸ்பானியச் சொல்லுக்குச் செந்நிறமானது என்று பொருள். பாலத்தின் கீழே ஓடும் நீரோ பெரும்பாலும் பச்சை. மேலே உள்ள கிளென் கேன்யன் அணை 1963 முதல் வண்டலைத் தேக்கிக்கொள்வதே காரணம். மழையில் பரியா என்ற கிளையாறு சேற்றோடு வந்து கலக்கும் நாள்களில் மட்டும் பழைய சிவப்பு திரும்புகிறது.

பாலத்தின் அடிச்சட்டங்களில் சில வேளை கலிஃபோர்னியா காண்டர் என்ற பெருங்கழுகுகள் அமர்ந்திருக்கும். இறக்கை விரித்தால் ஏறக்குறைய மூன்று மீட்டர். 1980களில் உலகில் மொத்தமே 27 பறவைகள்தான் எஞ்சியிருந்தன. காப்பகங்களில் இனப்பெருக்கம் செய்து, 1996 முதல் அருகிலுள்ள வெர்மிலியன் குன்றுகளில் பறக்கவிட்டு வருகிறார்கள். வேட்டையில் செத்த விலங்கின் உடலில் தங்கும் ஈயக் குண்டின் துணுக்குகள், அதைத் தின்னும் இந்தப் பறவைகளுக்கு இன்றும் எமன். இறக்கையில் எண் பொறித்த அட்டை கட்டியிருப்பதால், எந்தப் பறவை எது என்று நடைபாலத்திலிருந்தே கண்டுகொள்ளலாம்.