உங்களுக்குத் தெரியுமா? கரன்ட் பாதி, பயிற்சி பாதியா?

● ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே தன் காலைக் கெடுத்துக்கொள்ளப் பார்த்தார் ஒரு எலும்பு மருத்துவர். சுவீடனின் உமியோ நகரைச் சேர்ந்த ஹோகன் ஆல்ஃப்ரெட்சன். ஓடுவதில் பிரியம் உள்ளவர். குதிகாலுக்கு மேலே கயிறு போல விறைத்து நிற்கும் அக்கிலிஸ் தசைநாண் வலித்து, ஓட விடவில்லை. தன் மேலதிகாரியிடமே ஆபரேஷன் கேட்டார். 'அப்புறம் நீ பல வாரம் லீவு போடுவாய், கட்டுப்படியாகாது' என்று கையை விரித்துவிட்டாராம் அவர். நாண் அறுந்தே போனால் வெட்டித்தானே ஆகவேண்டும்? படியின் விளிம்பில் நின்று, வலிக்க வலிக்கக் குதிகாலைக் கீழே இறக்கிக்கொண்டே இருந்தார். நாண் அறவில்லை; வலிதான் போனது! அதே பயிற்சியை 15 ஓட்டக்காரர்களுக்குக் கொடுத்து, 1998-ல் முடிவை வெளியிட்டார். 12 வாரத்தில் 15 பேரும் பழையபடி ஓடினார்கள்.

● அந்தப் பயிற்சியின் கணக்குதான் மலைக்கவைக்கும். முழங்காலை நீட்டியபடி 15 முறை வீதம் மூன்று சுற்று, லேசாக மடக்கியபடி மூன்று சுற்று, இது காலையில். சாயங்காலம் மறுபடியும். ஆக, நாளொன்றுக்கு 180. டென்மார்க்கில் 2015-ல் இதற்கு எதிராக வேறொன்றை நிறுத்திப் பார்த்தார்கள்: வாரம் மூன்றே நாள், கனமான எடை, நிதானமான வேகம். பலன் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. வேலைக்குப் போகிறவர்கள் விடாமல் செய்யக்கூடியது இரண்டாவதுதான் என்பது என் கட்சி.

● ஷாக்வேவ் மெஷின் முதலில் காலுக்கு வந்ததல்ல. சிறுநீரகக் கல்லை உடைப்பதற்காக 1980-ல் ஜெர்மனியின் மியூனிக்கில் மனிதருக்கு முதன்முதலாகப் பயன்பட்டது அந்த அதிர்வலை. பிறகுதான் குதிகாலுக்கு இறங்கி வந்தது. பயிற்சி தனியாகவா, மெஷினோடு சேர்த்தா? அக்கிலிஸ் வலிக்காரர்கள் 68 பேரை இரண்டாகப் பிரித்து ஜெர்மனியில் பார்த்திருக்கிறார்கள் (2009). பயிற்சி மட்டும் செய்தவர்களில் 56 சதவீதத்தினர் நான்கு மாதத்தில் தேறினார்கள். பயிற்சியோடு ஷாக்வேவும் பெற்றவர்களில் 82 சதவீதத்தினர். மெஷின் வாங்கிய காசுக்கு வேலை செய்த இடம் இது.

● ஆனால் வலி எந்த இடத்தில் என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நாணின் நடுவில் இருந்தால் மேலே சொன்னது பொருந்தும். நாண் குதிகால் எலும்பில் போய் ஒட்டும் இடத்திலேயே வலி என்றால் கதை மாறுகிறது. அதே ஜெர்மன் குழு 2008-ல் வெளியிட்ட ஆய்வில், அப்படிப்பட்ட 50 பேரில் பயிற்சிக்காரர்கள் 28 சதவீதம்தான் தேறினார்கள். ஷாக்வேவ் அணியில் 64. படிக்குக் கீழே குதிகாலை இறக்கும்போது நாண் எலும்பின்மேல் அழுந்துகிறது. அதனால் இவர்களுக்குத் தரைமட்டத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வதே இப்போதைய வழக்கம்.

● ஜெல் தடவி வட்டம் வட்டமாகத் தேய்க்கிறார்களே, அந்த அல்ட்ராசவுண்ட்? குதிகாலின் அடியில் வலி உள்ளவர்கள் 54 பேரும் ஒரே நீட்டல் பயிற்சியைச் செய்ய, ஒரு பாதிக்கு மட்டும் நிஜமான அல்ட்ராசவுண்ட், மறுபாதிக்குப் பேருக்கு ஒன்று. இஸ்ரேலில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வு. வித்தியாசம் தெரியவில்லை.

● காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலில் சுரீர் என்கிறதா? காலைத் தரையில் ஊன்றுவதற்கு முன்பே, வலிக்கும் காலை மறு தொடைமேல் போட்டு, கால்விரல்களைக் கணுக்கால் பக்கமாக இழுத்துப் பத்து விநாடி பிடியுங்கள். பத்து முறை. அமெரிக்காவில் 2003-ல் 101 பேரிடம் சோதித்ததில், கெண்டைக்காலை நீட்டுவதைவிட இதற்கே பலன் அதிகம்.

● செருப்புக்குள் வைக்கும் மெத்தையோடு எதைச் சேர்ப்பது? டென்மார்க்கில் இதே குதிகால் வலிக்காரர்கள் 48 பேருக்கு மெத்தை பொது. ஒரு அணி இந்த விரல் இழுப்பைச் செய்தது. மறு அணி, சுருட்டிய துண்டை விரல்களுக்கு அடியில் வைத்து ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தி இறக்கியது, ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்று மாதத்தில் துண்டு அணி வெகுதூரம் முந்தியது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு அணியும் ஒரே இடத்தில்! சீக்கிரம் தேறுவதா, எப்படியும் தேறுவதா என்பதுதான் வித்தியாசம்.

● ஒருமுறை பிசகிய கணுக்கால் மறுபடி பிசகும் என்பார்கள். நெதர்லாந்தில் 522 விளையாட்டு வீரர்களுக்கு வழக்கமான சிகிச்சை. அவர்களில் பாதிப்பேருக்குக் கூடுதலாக எட்டு வாரம் வீட்டிலேயே சமநிலைப் பயிற்சி. ஒரு வருஷத்தில் மறுபடி பிசகியது, பயிற்சி செய்தவர்களில் 22 சதவீதத்தினருக்கு; செய்யாதவர்களில் 33.

● சுளுக்குக்கு 'ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வை' என்ற சூத்திரத்தை 1978-ல் பரப்பியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். பிற்பாடு அவரே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதினார். முதல் வாரத்திலேயே மெல்ல அசைத்துப் பயிற்சி செய்தவர்கள் சீக்கிரம் நடமாடினார்கள் என்று 2010-ல் ஒரு ஆய்வும் சொன்னது.

● அசைப்பதற்கு முன் ஒன்று. அடிபட்ட உடனேயும் மருத்துவமனையிலும் நாலு அடிகூட வைக்க முடியவில்லை, அல்லது கணுக்கால் முண்டின் பின்விளிம்பு எலும்பைத் தொட்டாலே வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கனடாவின் ஆட்டவாவில் 1992-ல் வகுத்த விதி இது. பயிற்சி, மெஷின் எல்லாம் படத்தைப் பார்த்த பிறகு.