பாட்டரியைக் கழற்றினால் கார் எதையெல்லாம் மறக்கும்?

விடியற்காலை 4 மணி. ஆஸ்டின் டவுன் தெருக்களில் பால்காரருக்கு முன்பே எழுந்துகொள்கிறவர்கள் டாக்சி டிரைவர்கள். கம்பெனி ஊழியர்களை ஏற்றிக்கொண்டு ஒயிட்ஃபீல்டு, எலெக்ட்ரானிக் சிட்டி என்று ஓட வேண்டும். அப்படி ஒருவர் புறப்படுகிற நேரத்தில் ‘செல்ஃப்’ எடுக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டரி செத்துவிட்டது!

போன் செய்தால் புதுப் பாட்டரி வீட்டு வாசலுக்கே வருகிற காலம் இது. பையன் வருகிறான். பத்தே நிமிடத்தில் மாட்டுகிறான். பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுகிறான்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை ஆரம்பமாகிறது. கடிகாரம் 12 மணியில் நிற்கிறது. ரேடியோ பாடாமல் ‘கோட்’ எண் கேட்கிறது. ஒருமுறை தொட்டால் தானாக மேலே ஏறுகிற கண்ணாடி, பாதியில் நின்றுவிடுகிறது. சிக்னலில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இஞ்சின் நடுங்கி அணைந்துபோகிறது. போதாக்குறைக்கு எதிரே ஒரு மஞ்சள் விளக்கு!

புதுப் பாட்டரியில் கோளாறா? பையன் ஒயரை மாற்றி மாட்டிவிட்டானா? டிரைவருக்குக் குழப்பம். டியூட்டியை விட்டுவிட்டு ஒர்க்‌ஷாப் திறக்கும்வரை காத்திருக்கிறார். ‘கம்ப்யூட்டர் போட்டுப் பார்க்க வேண்டும்’ என்று அங்கே சொன்னால் அதற்குத் தனிக் கூலி. அன்றைய வரும்படியும் போச்சு, கையில் இருந்ததும் போச்சு.

உண்மையில் அந்தக் கார் கெட்டுப்போகவே இல்லை. சில விஷயங்களை மறந்துவிட்டது, அவ்வளவுதான். மறந்ததில் பெரும்பகுதியை டிரைவரே அரை மணி நேரத்தில் திரும்பக் கற்றுக்கொடுத்துவிடலாம்.

அம்பாசிடருக்கு மறதி கிடையாது

அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. கார்புரேட்டரில் ஒரு திருகாணி இருக்கும். மெக்கானிக் காதைத் தீட்டிக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரால் அதைக் கால் சுற்று, அரைச் சுற்று திருப்பினால் இஞ்சின் ஓட்டம் சீராகிவிடும். பாட்டரியை நூறு முறை கழற்றினாலும் திருகாணி திருகாணியாகவே இருக்கும். மறப்பதற்கு அந்தக் காருக்கு எதுவும் தெரியாது!

1998-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ கார் வெளிவந்தது. அதில் கார்புரேட்டர் இல்லை. பெட்ரோலை அளந்து பீய்ச்சுவதற்கு ஒரு சிறு கம்ப்யூட்டர் இருந்தது. 2000-இல் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது மற்ற கம்பெனிகளும் அந்த வழிக்கு வந்தன. பெங்களூர் உட்பட 13 நகரங்களுக்கு 2010-இல் பி.எஸ்.4 விதி வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.6. ஒவ்வொரு விதிக்கும் காரில் கம்ப்யூட்டரின் வேலை கூடிக்கொண்டே போயிற்று.

இந்தக் கம்ப்யூட்டர் ஓடஓடக் கற்றுக்கொள்கிறது. காற்று வரும் வழியில் எவ்வளவு கரி படிந்திருக்கிறது, இஞ்சின் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, அதற்கு எவ்வளவு பெட்ரோல் கூட்டவேண்டும், குறைக்கவேண்டும் என்று குறித்து வைத்துக்கொள்கிறது. பல கார்களில் இந்தக் குறிப்பு சிலேட்டில் எழுதியது மாதிரி. பாட்டரியின் மின்சாரம் இருக்கும்வரைதான் இருக்கும். ஒயரைக் கழற்றினால் சிலேட்டைத் துடைத்தது போலத்தான். பாட்டரி தானாகவே முழுதாக இறங்கிப்போனாலும் அதே கதிதான்.

எது அழியாது?

எல்லாமே அழிந்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஓடிய மொத்த கிலோமீட்டர் அழியாது. சாவிக்கும் காருக்கும் இடையே உள்ள ரகசிய எண்ணும் அழியாது. ‘பாட்டரியைக் கழற்றினால் சாவியைத் திரும்பப் பதிவு செய்யவேண்டும்’ என்று யாராவது பணம் கேட்டால், எதற்கு என்று கேள்வி கேட்கலாம். இவையெல்லாம் மின்சாரம் இல்லாமலே நிலைக்கும் நினைவகத்தில், கல்லில் வெட்டியது மாதிரிப் பதிவானவை.

ஆஸ்டின் டவுனுக்குக்கூட ‘கிட்டல் நகர்’ என்று பெயர் மாற்றினார்கள். 1894-இல் கன்னட அகராதி வெளியிட்ட ஜெர்மன் பாதிரியார் கிட்டலின் நினைவாக வைத்த பெயர் அது. ஆனாலும் ஆட்டோக்காரரிடம் ‘ஆஸ்டின் டவுன்’ என்றால்தான் வண்டி திரும்புகிறது. சில நினைவுகள் அப்படி!

ஊரடங்கில் நடந்தது

காரை ஓட்டாமல் நிறுத்தி வைத்தாலும் பாட்டரி சும்மா இருப்பதில்லை. கடிகாரம், பூட்டு, திருட்டு மணி, கம்ப்யூட்டரின் நினைவு ஆகியவற்றுக்குத் துளித்துளியாக மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். அது 50 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். சிறிய காரில் இருப்பது 35 ஆம்பியர்-மணி பாட்டரி. கணக்குப் போட்டால் 700 மணி நேரம், அதாவது 29 நாளில் அது அடியோடு காலி. இஞ்சினைச் சுழற்றும் சக்தி அதற்கு வெகு முன்பே போய்விடும். பழைய பாட்டரியாக இருந்தால் இரண்டு வாரம் தாங்குவதே அதிகம்.

2020 மார்ச் 25-இல் தொடங்கிய ஊரடங்கு முதலில் 21 நாள் என்றார்கள். பிறகு நீட்டிக்கொண்டே போனார்கள். சவாரி இல்லை, தெருவோரம் நிறுத்திய டாக்சிகள் நின்ற இடத்திலேயே நின்றன. விவரம் தெரிந்தவர்கள் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைத்துப் பாட்டரியைக் காப்பாற்றினார்கள். வாரம் ஒருமுறை இஞ்சினை ஓடவிட்டவர்களும் உண்டு. இரண்டும் செய்யாதவர்கள், வருமானமில்லாத நாளில் புதுப் பாட்டரிக்குப் பணம் தேட வேண்டியதாயிற்று. தவணைக் கடன் தலைக்கு மேல் இருக்கும்போது அது எத்தனை பெரிய செலவு என்பதை டிரைவர் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்பானரை எடுக்குமுன்

முதலில் ரேடியோ எண். எல்லாக் கார்களிலும் இது கிடையாது. திருட்டைத் தடுப்பதற்காகச் சில கம்பெனிகள் மட்டும் வைத்திருக்கின்றன. காருடன் வந்த கையேட்டுக்குள் அல்லது டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒரு சிறு அட்டையில் அந்த எண் இருக்கும். அட்டை இல்லையென்றால் முதலில் அதற்கு வழி தேடிக்கொண்டு பிறகு பாட்டரியைத் தொடலாம். கார் விற்ற கம்பெனியில் பதிவுப் புத்தகத்தைக் காட்டிக் கேட்டால் வழி சொல்வார்கள். குத்துமதிப்பாக எண்களை அழுத்திப் பார்ப்பது கூடாது. சில தவறுகளுக்குப் பிறகு ரேடியோ பூட்டிக்கொள்ளும்.

சாவி சட்டைப்பையில் இருக்கவேண்டும். மின்சாரம் திரும்ப வந்தவுடன் சில கார்கள் கதவுகளைத் தாமே பூட்டிக்கொள்ளும். டிரைவர் பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பது நல்லது. டிக்கிக்கு மின்சாரப் பூட்டு என்றால், வேண்டிய சாமானை முன்பே வெளியே எடுத்துவிட வேண்டும். கையில் மோதிரமும் உலோகச் சங்கிலி வாட்சும் வேண்டாம். பீடி, சிகரெட் கூடவே கூடாது. பாட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கக் கூடியது.

இஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்தபின் சில நிமிடம் பொறுக்க வேண்டும். கம்ப்யூட்டர் தன் கணக்கை எழுதி முடித்துத் தூங்கப்போக நேரம் கொடுக்கவேண்டும். பிறகு நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். காரின் உடம்பு முழுவதும் நெகட்டிவ். பாசிட்டிவை முதலில் கழற்றப்போய் ஸ்பானர் பாடியில் பட்டால் நெருப்பு பறக்கும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இஞ்சின் ஓடும்போதே பாட்டரி ஒயரைப் பிடுங்கி, ‘டைனமோ வேலை செய்கிறதா’ என்று பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். அம்பாசிடரில் அது செல்லும். இன்றைய காரில் அப்படிச் செய்தால் ஆல்டர்னேட்டரிலிருந்து திடீரென்று எகிறும் வோல்டேஜ், கம்ப்யூட்டரையே சுட்டுவிடலாம். பிறகு மறதியைப் பற்றிப் பேச வேலையே இருக்காது!

நினைவு போகாமலே பாட்டரி மாற்றவும் வழி உண்டு. பழைய பாட்டரியைக் கழற்றுமுன் வேறொரு 12 வோல்ட் பாட்டரியை அதே இரு ஒயர்களோடு இணையாகச் சேர்த்துவிட்டால் சிலேட் அழியாது. ஆனால் அந்த நேரம் பாசிட்டிவ் ஒயரில் மின்சாரம் இருக்கும். அது பாடியில் படாமல் ரப்பர் சுற்றி வைக்கத் தெரிந்தவர் மட்டும் செய்யவேண்டிய வேலை இது.

வாடகைக் கார்க்காரர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. இருப்பிடம் காட்டும் ஜி.பி.எஸ். கருவிக்குள்ளேயே ஒரு சிறு பாட்டரி உண்டு. வண்டியின் மின்சாரம் துண்டானதும் அது தகவல் அனுப்பிவிடும். கம்பெனிக்கு ஓடும் வண்டியானால் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இஞ்சினுக்குப் பாடம்

ஒயரை மாட்டியவுடன் இஞ்சினை எழுப்ப வேண்டாம். சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பி அரை நிமிடம் விடவேண்டும். பல கார்களில் காற்று வாசல் எங்கே மூடுகிறது என்பதைக் கம்ப்யூட்டர் அப்போது பார்த்துக்கொள்கிறது. பிறகு ஏ.சி., விளக்கு, ரேடியோ எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல் ரேடியேட்டர் விசிறி ஓடும்வரை விடவேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். பின்பு ஏ.சி.யைப் போட்டுச் சில நிமிடம். இதைத் திறந்த வெளியில்தான் செய்யவேண்டும். மூடிய ஷெட்டில் புகை உயிரைக் குடித்துவிடும்.

அதன் பிறகு ஒரு சுற்று ஓட்டவேண்டும். விவேக் நகர், ஈஜிபுரா வழியாக மெதுவாகவும், காலியான சாலையில் வேகமாகவும் ஓட்டினால் இஞ்சின் பழைய கணக்கைத் திரும்பப் போட்டுக்கொள்ளும். தானியங்கி கியர் உள்ள கார் சில நாள் கொஞ்சம் உதறி உதறித்தான் கியர் மாற்றும். சிக்னலில் தானாக அணைந்து எழுகிற வசதி உள்ள கார், பாட்டரியின் நிலையைத் தெரிந்துகொள்ளும்வரை அந்த வேலையைச் செய்யாமல் இருக்கலாம். இவையெல்லாம் பழுது அல்ல.

மஞ்சள் விளக்கு, வண்டி சறுக்காமல் காக்கும் இ.எஸ்.பி.யின் விளக்காக இருந்தால், ஸ்டியரிங் நேராக இருக்கும் இடம் அதற்கு மறந்துவிட்டது என்று அர்த்தம். இஞ்சின் ஓடும்போது ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுவதும், வலப்பக்கம் முழுவதும் ஒருமுறை திருப்பி நேராக்கிக் கொஞ்ச தூரம் நேர்ச்சாலையில் ஓட்டினால் பல கார்களில் விளக்கு அணைந்துவிடும். அணையவில்லை என்றால் மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான். ஏர்பேக் விளக்கு எரிந்தால் சொந்த வைத்தியம் வேண்டவே வேண்டாம்.

கண்ணாடியில் அசட்டை கூடாது

கடிகாரம் தவறாக ஓடினால் நஷ்டமில்லை. ரேடியோ பாடாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் தானாக ஏறும் கண்ணாடியை அப்படியே விடக்கூடாது. கை அகப்பட்டால் தானாகக் கீழே இறங்குகிற பாதுகாப்பு சில கண்ணாடிகளுக்கு உண்டு. கண்ணாடியின் மேல் எல்லை எது, கீழ் எல்லை எது என்பது மோட்டாருக்குத் தெரிந்தால்தான் அது வேலை செய்யும். பாட்டரி போய்வந்த பிறகு, எல்லையைத் திரும்பச் சொல்லிக்கொடுக்கும்வரை அந்தப் பாதுகாப்பு இல்லை. குழந்தையை ஏற்றிச் செல்கிறவர்கள் இதை மனதில் வைக்கவேண்டும்.

செய்முறை எளிது. சாவி ‘ஆன்’. சுவிட்சை இழுத்துப் பிடித்துக் கண்ணாடியை முழுவதும் ஏற்றவேண்டும். மேலே போய் நின்ற பிறகும் ஐந்து விநாடி பிடியை விடக்கூடாது. அதேபோல் கீழே முழுவதும் இறக்கி ஐந்து விநாடி. எந்தெந்தக் கண்ணாடிக்கு அந்த வசதி உண்டோ, அத்தனைக்கும் தனித்தனியே செய்யவேண்டும். கூரைக் கண்ணாடி இருந்தால் அதற்கும் இதேபோல ஒரு முறை இருக்கும்.

காருக்குக் கார் விநாடியும் வரிசையும் மாறும். கையேட்டில் இருக்கிறது. அது ஆங்கிலத்தில்தான் இருக்கும். வீட்டில் ஆங்கிலப் பள்ளிக்குப் போகிற பிள்ளை இருந்தால் அந்தப் பக்கத்தைப் படித்துச் சொல்லச் சொல்லலாம். கையேடு தொலைந்திருந்தால் பல கம்பெனிகளின் கையேடு செல்போனிலேயே கிடைக்கிறது.

பழைய கார் வாங்குவோருக்கு

காரின் இந்த மறதியைப் பயன்படுத்தி ஏமாற்றுகிறவர்களும் உண்டு. இஞ்சினில் பழுது இருந்தால் மஞ்சள் நிற இஞ்சின் விளக்கு எரியும். பல கார்களில், முக்கியமாகப் பழையவற்றில், பாட்டரியைக் கழற்றி மாட்டினால் அந்த விளக்கு அணைந்துவிடும். பழுது தீர்ந்ததா? இல்லை! சில நாள் ஓடியதும் மறுபடி எரியும். அதற்குள் கார் கைமாறியிருக்கும்.

கார் பார்க்கப் போகும்போது கடிகாரம் தவறான நேரம் காட்டுகிறதா, ‘ட்ரிப்’ கணக்கு பூஜ்யத்தில் இருக்கிறதா, கண்ணாடி ஒரே தொடுதலில் ஏற மறுக்கிறதா என்று பார்க்கவேண்டும். மூன்றும் இருந்தால் பாட்டரி அண்மையில்தான் கழற்றப்பட்டிருக்கிறது. புதுப் பாட்டரி மாற்றினோம் என்று சொன்னால் அதன் ரசீதைக் காட்டச் சொல்லலாம். ரசீது இல்லை என்றால், கம்ப்யூட்டர் கருவி உள்ள மெக்கானிக் ஒருவரை அழைத்துப்போய்ப் பார்க்கச் சொல்லவேண்டும். நினைவு எப்போது துடைக்கப்பட்டது, அதற்குப் பின் சோதனைகள் முடிந்தனவா என்று அந்தக் கருவி பல கார்களில் காட்டிக்கொடுத்துவிடும். அதற்குக் கொடுக்கிற கூலி வீண் செலவு அல்ல.